பத்தடி வளையம்

வீட்டு முற்றத்தில் எறிந்தால் பத்துப் பந்தில் எட்டு வளையத்துக்குள் விழுந்தது. கல்லூரி மைதானத்தில் எறிந்தால் இரண்டு விழுந்தது. எறிந்த கை ஒன்றுதான், நின்ற தூரமும் ஒன்றுதான். நஸ்ருன்னிசாவுக்கு இது விளங்கவே இல்லை.

பதற்றம் என்று முதலில் நினைத்தாள். கல்லூரியில் நாலு பேர் பார்க்கிறார்கள், வீட்டில் யாரும் பார்ப்பதில்லை. ஆனால் திங்கட்கிழமை எறிந்தபோது அவளுக்குக் கை நடுங்கவில்லை, உள்ளங்கை வியர்க்கவும் இல்லை. வீட்டில் எறிவது போலவே நெஞ்சருகிலிருந்து இரண்டு கையாலும் நிதானமாகத்தான் பந்தை விட்டாள். அது அழகாக வளைந்து போய், வளையத்தின் முன்விளிம்பில் 'டங்'கென்று மோதி, அவள் காலடிக்கே திரும்பி வந்தது.

கூடைப்பந்தில் எதிராளி தப்பாட்டம் ஆடினால் நமக்குச் சும்மா ஓர் எறி கிடைக்கும். பலகையிலிருந்து பதினைந்தடி தள்ளி ஒரு கோடு உண்டு. அதன் பின்னால் நின்று எறிய வேண்டும். யாரும் குறுக்கே வர மாட்டார்கள், கையைத் தட்ட மாட்டார்கள், வேண்டிய நேரம் எடுத்துக்கொள்ளலாம். ஆட்டத்தின் மற்ற எல்லாம் ஒவ்வொரு தடவையும் மாறிக்கொண்டே இருக்கும். இது ஒன்று மட்டும் மாறாது. அதனால்தான் வீட்டில் தனியாகப் பழகிக்கொள்ளக்கூடிய ஒரே எறி இது.

நஸ்ருன்னிசாவுக்கு வீட்டை விட்டால் வேறு வழியும் இல்லை. அணி பழகுவது மாலையில். அவளோ பொழுது சாய்ந்ததும் சொல்லும் மக்ரிப் பாங்குக்கு முன்னால் வீட்டில் இருந்தாக வேண்டும். கடற்கரைப் பக்கத்துக் கல்லூரியிலிருந்து கச்சேரி ரோட்டுச் சந்துக்கு வந்து சேர டிராமுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் கூட்டினால் முக்கால் மணி ஆகும். பி.ஏ. கடைசி வருஷம். கல்லூரி அணியில் ஓர் இடம் பாக்கி இருந்தது. அந்த இடத்துக்கு இரண்டு பேர். ஒருத்தி இவள், இன்னொருத்தி சொர்ணம். விளையாட்டு டீச்சர் ஜெயலக்ஷ்மி, சனிக்கிழமை இருவரும் பத்துப் பத்து எறி எறிய வேண்டும், அதிகம் போட்டவளுக்கு இடம் என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமை எறிந்தது வெள்ளோட்டம். அதில் சொர்ணம் ஐந்து போட்டாள், நஸ்ருன்னிசா இரண்டு.

படிப்பு முடிந்த பிறகு தனக்காக எந்த மைதானமும் காத்திருக்கவில்லை என்பது நஸ்ருன்னிசாவுக்குத் தெரியும். அதைப் பற்றி அவள் யாரிடமும் குறைபட்டுக்கொண்டதில்லை. இந்த ஒரு வருஷம், ஒரே ஒரு ஆட்டமாவது, கோட்டுக்கு வெளியே நின்று பாயின்ட் எழுதாமல் உள்ளே நின்று ஆட வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

அந்த வீட்டு வளையம் வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

அவளுடைய தகப்பனார் ஷரீஃப் குழாய்க்காரர். தியாகராய நகரிலும் அடையாற்றிலும் புது பங்களா கட்டுகிறவர்கள் தண்ணீர்க் குழாய்க்கும் சாக்கடைக் குழாய்க்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மகள் வளையம் கேட்டதும் அவளை மவுண்ட் ரோட்டில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்கு அழைத்துக்கொண்டு போனார். கடைக்காரர் சீமைக் கேட்லாக் ஒன்றைப் பிரித்துப் படம் காட்டினார். அடியில் சக்கரம், நடுவே திருகு, திருகினால் வளையம் ஏறும், இறங்கும். கப்பலில் வர ஆறு மாதம் ஆகும் என்றார். ஷரீஃப் விலையைக் கேட்கவே இல்லை. அந்தப் படத்தைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், சக்கரம் வைத்தது நமக்கு ஆகாது, பந்து மோதும்போதெல்லாம் கம்பம் பின்னால் நகரும் என்று மகளிடம் சொன்னார்.

வளையம் ஏறி இறங்க வேண்டும் என்பது தாயார் ஹாஜிரா பீயின் நிபந்தனை. பெண் முற்றத்தில் பந்து எறிவதில் தாயாருக்கு ஆட்சேபம் இல்லை. மதில் எட்டடி உயரம். உள்ளே என்ன செய்தாலும் சந்துக்குத் தெரியாது. ஆனால் பலகை நாள் முழுக்க மதிலுக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றால் போகிறவர் வருகிறவர் எல்லாரும் கேள்வி கேட்பார்கள். எறிகிற ஒரு மணி நேரம் மேலே இருக்கட்டும், மற்ற நேரம் மதிலுக்குக் கீழே இறங்கிவிட வேண்டும் என்றாள்.

ஷரீஃபுக்கு இது கஷ்டமாகப் படவில்லை, சந்தோஷமாக இருந்தது. மூன்று விதமாக யோசித்தார். கொடிக்கம்பம் போலக் கயிற்றில் பலகையை ஏற்றலாம். ஏற்றுவது சுலபம், ஆனால் கயிற்றில் தொங்குவது ஆடும்; ஆடுகிற பலகையில் பட்ட பந்து எங்கே போகும் என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டாவது, ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாயைச் செருகி, உள்குழாயை மேலே இழுக்கலாம். ஆடாது, ஆனால் பலகையின் முழு பாரத்தையும் கீழேயிருந்து தோளால் முட்டித் தூக்க வேண்டும். பெண்கள் இருவரால் ஆகாது.

மூன்றாவது முறை, இரண்டாவதைத் தலைகீழாகத் திருப்பியது. இரண்டு அங்குலக் குழாய் ஒன்றைப் பன்னிரண்டடி உயரத்துக்குத் தரையில் நட்டுவிடுவது. அதன்மேல் மூன்றடி நீளமுள்ள இரண்டரை அங்குலக் குழாயை மோதிரம் போல மாட்டுவது. இந்த இரண்டு அளவுகளும் ஒன்றுக்குள் ஒன்று போய்ப் பிடித்தாற்போல உட்காரும். குழாய் வேலை செய்கிற யாருக்கும் இது தெரியும். பலகையும் வளையமும் அந்தக் குட்டைக் குழாயில். கம்பத்தின் உச்சியில் கிணற்றுக் கப்பி ஒன்று. கப்பியில் ஓடும் கயிற்றை இழுத்தால் பலகை மேலே வரும். வேண்டிய உயரத்துக்கு வந்ததும், இரண்டு குழாயிலும் நேருக்கு நேர் போட்ட துளையில் ஒரு போல்ட்டைச் செருகிவிட்டால் தீர்ந்தது. தூக்குவது கயிறு, தாங்குவது போல்ட். கம்பத்தில் ஆறு அங்குலத்துக்கு ஒரு துளையாகப் போட்டார்.

யுத்தம் முடிந்து மறு வருஷம் அது. பட்டாளத்துக் கொட்டகைகளைப் பிரித்து ஏலம் விட்ட குழாய்களில் நல்லதாக இரண்டு அவரிடம் கிடந்தன. முற்றத்து மதில் ஓரத்தில், சாக்கடை வாய்க்குப் பக்கத்தில், பழைய அடிபம்பு இருந்த குழி இருந்தது. கம்பத்தை அதிலேயே நட்டுக் கல்லும் சுண்ணாம்பும் போட்டு இறுக்கினார். வளையம் பத்தடி உயரத்தில் வரும்படி அளந்து, அந்தத் துளையைச் சுற்றிச் சிவப்பு வண்ணம் பூசினார். மதிலுக்கு மேலே வெறும் குழாய்தான் தெரிந்தது. எதிர்வீட்டு மெஹபூப் பாஷா இரண்டு தடவை வந்து, தண்ணி எப்போ வரும், எங்க வீட்டுக்கும் ஒரு கனெக்ஷன் உண்டா என்று கேட்டுவிட்டுப் போனார். இறக்கி வைத்த வளையத்தில் ஹாஜிரா பீ வெங்காயக் கூடையை மாட்டினாள்.

அந்த வளையத்தில்தான் நஸ்ருன்னிசா இரண்டு மாதமாகப் பழகிக்கொண்டிருந்தாள். அதில்தான் பத்துக்கு எட்டு.

திங்கட்கிழமைத் தோல்விக்குப் பிறகு அவள் ஒவ்வொன்றாகச் சோதித்தாள். பந்து வேறாக இருக்கலாம். செவ்வாய்க்கிழமை வீட்டுப் பந்தையே பையில் போட்டுக் கல்லூரிக்குக் கொண்டுபோனாள். இரண்டுதான் விழுந்தது. கடற்காற்றாக இருக்கலாம், மத்தியானத்துக்கு மேல் அங்கே புடவைத் தலைப்பு நிற்காது. புதன்கிழமை காலையில் வகுப்புக்கு முன்னால், இலைகூட அசையாத நேரத்தில் எறிந்தாள். மூன்று விழுந்தது. வளையத்தின் அகலத்தைத் தையல் டேப்பால் அளந்தாள். அங்கேயும் பதினெட்டு அங்குலம், இங்கேயும் பதினெட்டு அங்குலம். கோட்டின் தூரம் அங்கேயும் இங்கேயும் பதினைந்தடி.

மிச்சம் இருந்தது உயரம். அதைத் தகப்பனாரிடம் சொல்ல அவளுக்குத் தயக்கமாக இருந்தது. சொன்னதும் ஷரீஃப் முகம் கொஞ்சம் மாறியது. ஏணியைச் சாத்தி ஏறி, இரும்பு டேப்பை வளையத்திலிருந்து கீழே விட்டார். பத்தடி. இறங்கி வந்து மறுபடி ஏறினார். பத்தடி. ஹாஜிரா பீயைக் கூப்பிட்டு டேப்பின் நுனியைக் கீழே பிடித்துக்கொள்ளச் சொல்லி மூன்றாவது தடவையும் பார்த்தார். நூல் பிசகாமல் பத்தடி.

"முப்பது வருசமா அளந்துகினு கீறேன், நஸ்ரு. குழாய் வேலையில ஒரு நூல் தப்பினாலும் தண்ணி காட்டிக் குடுத்துரும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. உயரமும் சரி என்றால் தப்பு தன்னிடம்தான். வீட்டுக்கு வெளியே தன்னால் ஆகாது என்பதுதான் பதில் போலிருந்தது.

அன்று மாலை கோமளம் வந்தாள். வடக்கு மாட வீதிப் பெண், அணியின் தலைவி, நஸ்ருன்னிசாவோடு முதல் வருஷத்திலிருந்து ஒரே பெஞ்சு. உள்ளே வந்ததும் வராததுமாகக் கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"மாமா, இதுல குழாயைத் திறந்தா பந்து கொட்டுமா?"

ஷரீஃப் சிரித்துவிட்டார். வெங்காயக் கூடையைக் கழற்றிவிட்டுக் கயிற்றை இழுத்து, போல்ட் செருகி, எல்லாவற்றையும் அவளுக்கு விளக்கிக் காட்டினார். கோமளமும் உண்மையான ஆசையோடு கேட்டாள். பிறகு அவர் வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தார்.

நஸ்ருன்னிசா எறிந்தாள். பத்துக்கு ஒன்பது. ஒவ்வொரு பந்தும் வளையத்தைத் தொடாமல் உள்ளே போனது. கோமளம் எண்ணிக்கொண்டே பார்த்தாள். பிறகு, கல்லூரியில் தவறிய பந்தெல்லாம் எங்கே பட்டது என்று கேட்டாள்.

"முன்விளிம்புல. எல்லாமே."

"இடது, வலது?"

"ஒண்ணுகூட இல்லை."

"அப்போ பயமும் இல்லை, கையும் தப்பில்லை. பயந்தா பந்து நாலு பக்கமும் போகும். நான் போன வருஷம் அப்படித்தான், ஒண்ணு டீச்சர் தலையிலயே விழுந்தது. உன்னோடது எல்லாம் ஒரே இடத்துல போய் நிக்கறது. கை சொன்னபடி கேக்கறது. ஆனா வேற ஏதோ கணக்கைக் கத்துண்டிருக்கு."

இதை நஸ்ருன்னிசா யோசித்துப் பார்த்திருக்கவில்லை. ஒரே மாதிரித் தவறுகிறது என்றால் அது தவறே இல்லை. வேறோர் அளவுக்குச் சரியாக எறிந்த எறி. பந்து மேலே போய் வளைந்து இறங்கும்போது சாய்வாகத்தான் இறங்கும். வளையம் சற்று உயரத்தில் இருந்தால் அந்தச் சாய்வு வளையத்தின் நடுவுக்கு வருவதற்கு முன்பே முன்விளிம்பைச் சந்தித்துவிடும். ஆகவே, கல்லூரி வளையம் வீட்டு வளையத்தைவிட உயரம். ஆனால் இரண்டும் பத்தடி. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்?

இந்தத் தடவை கோமளம் எறிந்தாள். பந்து உள்ளே விழுந்து, தரையில் இரண்டு தடவை குதித்து, மதில் ஓரம் போய் ஒதுங்கியது. அடுத்ததும் அங்கேயே. மூன்றாவது தடவை பந்தை எடுக்க நடந்தபோது கோமளம் சலித்துக்கொண்டாள்.

"இதென்னடி உங்காத்துப் பந்து, திரும்பியே வர மாட்டேங்கறது. ஒவ்வொரு தரமும் சாக்கடைக்கே போறது. கிரவுண்டுல அது பாட்டுக்கு உருண்டு வரும், பொறுக்கறதுக்கு நடக்கவே வேண்டாம்."

நஸ்ருன்னிசா கோட்டருகே பந்தைத் தரையில் மெல்ல வைத்துக் கையை எடுத்தாள். பந்து ஒரு கணம் நின்றது. பிறகு தானாக நகர ஆரம்பித்தது. மெதுவாக, பிறகு கொஞ்சம் வேகமாக, கம்பத்தடிக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு மாதமாகத் தினமும் அது அப்படித்தான் போனது. தினமும் அவள்தான் போய் எடுத்து வந்தாள்.

"அத்தா, இந்த முத்தம் தளம் போட்டது யாரு?"

"நான்தான். ஏன்?"

"வாட்டம் எவ்வளவு வெச்சீங்க?"

தரையில் தண்ணீர் ஓடுவதற்காக வைக்கும் சரிவுக்கு வாட்டம் என்று பெயர். ஷரீஃபுக்குப் பிடித்த பேச்சு அது. அடிக்குக் கால் அங்குலம், அதுக்குக் குறைஞ்சா தண்ணி தேங்கும், கூடினா நடக்கிறவன் வழுக்குவான், இந்த முற்றத்தில் எந்த மழைக்காவது ஒரு சொட்டு நின்று பார்த்திருக்கிறாயா என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், நடுவில் நிறுத்தினார். கம்பத்தைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். பலகைக்கு ஓர் அடி பின்னால் நிற்கும் கம்பத்திலிருந்து கோட்டுக்குப் பதினாறு அடி. விரல் மடக்கி எண்ணவே வேண்டியிருக்கவில்லை.

எழுந்து உள்ளே போய் நீண்ட ரப்பர் குழாய் ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் இரண்டு முனையிலும் ஒரு சாண் கண்ணாடிக் குழாய் செருகியிருந்தது. உள்ளே தண்ணீர். இது மட்டம் பார்க்கிற கருவி; இதைவிட எளிய கருவி கிடையாது. குழாய் எப்படி வளைந்து கிடந்தாலும், எவ்வளவு நீளமாக இருந்தாலும், இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். அந்த மட்டத்திலிருந்து இரண்டு இடத்திலும் தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்தால், எந்த இடம் தாழ்வு, எந்த இடம் மேடு என்பது தெரிந்துவிடும்.

ஒரு முனையைக் கோமளம் கம்பத்தோடு சேர்த்துப் பிடித்தாள். மறுமுனையை நஸ்ருன்னிசா கோட்டின்மேல் பிடித்தாள். தண்ணீர் ஆடி அடங்கும் வரை மூவரும் காத்திருந்தார்கள். கம்பத்தடியில் தரையிலிருந்து தண்ணீர் மட்டம் மூன்றடி. கோட்டில் இரண்டடி எட்டு அங்குலம்.

நாலு அங்குலம். அவள் நின்று எறிந்த இடம், வளையத்துக்குக் கீழே உள்ள தரையைவிட நாலு அங்குலம் மேடு. அவள் காலிலிருந்து பார்த்தால் அந்த வளையம் பத்தடி இல்லை. ஒன்பதடி எட்டு அங்குலம். அந்த வளையத்துக்குத்தான் அவள் கை இரண்டு மாதமாகப் பிசகாமல் பழகியிருந்தது.

ஷரீஃப் டேப்பை மடக்கி வேட்டியில் துடைத்தார். குழாய்க்காரர்கள் எந்த வீட்டில் நுழைந்தாலும் முதலில் தேடுவது சாக்கடை வாயை. வீட்டிலேயே தாழ்வான இடம் அது. தண்ணீர் கடைசியில் போய்ச் சேரும் இடம். தொட்டி எவ்வளவு உயரம், குழாய் எவ்வளவு உயரம் என்பதெல்லாம் அந்த வாயில் பதித்த கல்லிலிருந்துதான் கணக்கு. அவர் மூன்று தடவை அளந்ததும் அதே கல்லிலிருந்து. மூன்றும் சரியான அளவுதான்.

"தண்ணிக்கு அளந்துட்டேன்," என்றார். "உனக்கு அளக்கலை."

அளவுகோல் சரியாக இருந்தும் அளவு தப்பாக இருக்கலாம் என்பதை நஸ்ருன்னிசா அப்போதுதான் கண்டாள். எவ்வளவு என்று எல்லாரும் கேட்கிறார்கள். எங்கிருந்து என்று யாரும் கேட்பதில்லை. தன்னைப் பற்றியும் இந்த மூன்று நாளாக அப்படித்தான் ஒரு தப்பான இடத்திலிருந்து அளந்துகொண்டிருந்தோமோ என்று தோன்றியது. ஆனால் அதை நினைத்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. சனிக்கிழமைக்கு இடையில் இரண்டு மாலைதான் இருந்தது.

துளைகள் ஆறு அங்குலத்துக்கு ஒன்று என்பதால், நாலு அங்குலம் ஏற்றப் புதுத் துளை வேண்டியிருந்தது. ஷரீஃப் ஏணிமேல் நின்று கையால் சுற்றும் டிரில்லால் அந்தப் பருமனான குழாயைத் துளைத்தார். இரும்புத் தூள் கோமளத்தின் ஜடையில் விழுந்தது. அவள் நகரவில்லை, ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஹாஜிரா பீ எட்டிப் பார்த்து, இன்னும் நாலு அங்குலம் மதிலுக்கு மேலே போகப் போகிறதா என்று கேட்டாள். ஒரு மணி நேரம்தான் என்று ஷரீஃப் சொன்னதும், போனால் போகிறது என்று தேநீர் போடப் போனாள்.

புது உயரத்தில் எறிந்த முதல் பத்தில் இரண்டு விழுந்தது. மீதி எல்லாம் முன்விளிம்பில் பட்டு 'டங்'கென்று திரும்பின. நஸ்ருன்னிசாவுக்கு அந்தச் சத்தம் ஆறுதலாக இருந்தது. கல்லூரியில் கேட்ட அதே சத்தம். புதிர் இப்போது அவள் வீட்டுக்குள் வந்துவிட்டது. இனி அதை உட்கார்ந்து பார்க்கலாம். முழங்காலை முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாக மடக்கி எழுந்தாள். பந்து கையைவிட்டுப் போகும் இடத்தை நெற்றி வரை உயர்த்தினாள். வியாழக்கிழமை இருட்டுவதற்குள் ஐந்து வந்தது. வெள்ளிக்கிழமை தொழுகைக்கு முன்னால் ஆறும், மாலையில் எட்டும் வந்தன.

சனிக்கிழமை சொர்ணம் முதலில் எறிந்து ஆறு போட்டாள். நஸ்ருன்னிசா ஆறாவதைப் போட்டபோது இன்னும் இரண்டு எறி பாக்கி. ஒன்பதாவது பந்து வளையத்தில் பட்டு வெளியே வந்தது. வலது பக்கம் விலகி. இது உண்மையான தவறு என்று அவளுக்குத் தெரிந்தது. கை இந்தத் தடவை பயந்துவிட்டது. பந்தைத் தரையில் இரண்டு முறை தட்டிப் பிடித்தாள். மூச்சை விட்டாள். பத்தாவது, வலையைக்கூட அதிகம் அசைக்காமல் உள்ளே போனது. சொர்ணம் வந்து அவள் முதுகில் ஒரு குத்து விட்டு, வீட்டிலேயே மைதானம் வைத்துக்கொண்டவளோடு நான் எப்படிப் போட்டி போடுவது என்று கேட்டாள். ஜெயலக்ஷ்மி டீச்சர் நோட்டில் பெயரை எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை கோமளம் தன் வீட்டுக் கொல்லைக்கும் இப்படி ஒரு கம்பம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்தாள். சைதாப்பேட்டையில் ஒரு வேலையை ஒத்திப்போட்டுவிட்டு ஷரீஃப் பெண்கள் இருவரோடும் வடக்கு மாட வீதிக்கு நடந்தார். கொல்லையில் நுழைந்ததும் பழக்கத்தில் அவர் கண் சாக்கடை வாயைத் தேடிப் போனது. நஸ்ருன்னிசா ஒரு சாக்கட்டியை அவரிடம் கொடுத்தாள்.

கம்பத்துக்குக் குழி பறிக்கும் முன், கோடு வரும் இடத்தைச் சாக்கட்டியால் தரையில் குறித்தார்கள். கோமளத்தை அதன் பின்னால் நிற்கச் சொன்னார்கள். தண்ணீர்க் குழாயின் ஒரு முனையை அவள் காலருகேயும் மறுமுனையைக் கம்பம் வரப்போகும் இடத்திலும் பிடித்துப் பார்த்ததில், அந்தக் கொல்லையில் கோடு கம்பத்தடியைவிட இரண்டு அங்குலம் பள்ளம். ஆகவே அங்கே வளையத்தைக் கம்பத்தடியிலிருந்து ஒன்பதடி பத்து அங்குலத்தில் வைத்தார்கள். எறிகிறவள் நிற்கும் தரையிலிருந்து அது சரியாகப் பத்தடி.